மான் டீச்சர் போட்ட புதுப் பட்டியல்

ஒரு காட்டுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக ஒரு மான் இருந்தார். ஓட்டம்தான் அவருக்கு உயிர். அதனால் ஆறாம் வகுப்புக்கு வருஷம் முழுக்க ஓட்டப்பந்தயம் என்றே பட்டியல் போட்டிருந்தார். வாராவாரம் கடைசியாக வந்த எருமைக்கன்று, விளையாட்டுப் பீரியட் என்றாலே வயிற்றுவலி என்று குட்டையில் படுத்துக்கொண்டது.

மானுக்கு மனசு உறுத்தியது. பட்டியலை அழித்துவிட்டு, வாரத்துக்கு ஒரு விளையாட்டு என்று மாற்றி எழுதினார்.

"ஆறாம் வகுப்பு முயல்கள் வாராவாரம் ஓடினால்தானே ஓட்டக் கோப்பை வரும்?" என்று முகம் சுளித்தார் தலைமையாசிரியர் யானை.

"ஒரு மாசம் பொறுங்க ஐயா. கோப்பை போனா என்னைக் கேளுங்க" என்றார் மான்.

ஏழாம் வகுப்போடு கயிறு இழுக்கும் நாளன்று அவரே குட்டைக்குப் போனார். "எழுந்து வாடா. இன்னைக்கு ஓட வேண்டாம், கயித்தைப் பிடிச்சு நின்னாப் போதும்."

கன்று கடைசி ஆளாக நின்று குளம்பை ஊன்றியது. ஏழாம் வகுப்பு மொத்தமும் மூச்சு முட்ட இழுத்தும் அது அசையவில்லை. பிறகு மெல்ல ஓரடி பின்வாங்கியது. ஏழாம் வகுப்பு குப்புற விழுந்தது. முயல்கள் கன்றின் முதுகில் ஏறிக் குதித்தன.

"அடுத்த வாரம் என்ன டீச்சர்?" என்று கேட்டது கன்று.

"உயரம் தாண்டுதல்."

"எனக்குச் சுத்தமா வராது" என்றது கன்று. "ஆனா வந்துடுறேன்."

மானின் கழுத்து தானாக நிமிர்ந்தது.