சேராத செடி

மீட்டிங் முடிந்து, செடியில் கட்ட அடையாளச் சீட்டோடு அருள்செல்வி ஓடி வந்தபோது, ஆராய்ச்சிப் பண்ணைப் பாத்தியில் அந்தச் செடி இருந்த இடத்தில் குழிதான் இருந்தது.

புது ரகம் தேடி, விதைக்குக் காமா கதிர் பாய்ச்சி ஆறு வருஷமாக அவள் வளர்த்த மரிக்கொழுந்துகளில், வாசனை கூடி வந்தது அது ஒன்றுதான். குட்டையாக, இலை சுருண்டிருந்தது.

"குருவம்மா! இங்கே இருந்த செடி எங்கே?"

"பிடுங்கிட்டேம்மா," என்றாள் பாத்தி வேலை பார்க்கும் குருவம்மா. "மத்ததோட சேராம நின்னுச்சு. நீங்கதானே நேத்து சொன்னீங்க, சேராததை வேரோட பிடுங்கி எரின்னு?"

"ஐயோ, அது விதைக்கு விட்ட பாத்திக்குச் சொன்னது! அங்கேதான் எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். இங்கே சேராததைத்தானே தேடிக்கிட்டிருக்கேன்!"

"எல்லாம் ஒரே மரிக்கொழுந்துதானேம்மா?"

அருள்செல்விக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "முழுசையும் எரிச்சுட்டியா?"

"வேரைத்தான். கொழுந்தைப் பொம்பளைங்க ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளித் தலையில வச்சுக்கிட்டாங்க. நான் வைக்கலம்மா. அந்த வாசத்துக்கு எனக்குத் தலை வலிக்குது."

வாடுவதற்குள் ஒரு கிள்ளு கிடைத்தாலும் நட்டு வேர்விடச் செய்யலாம். அருள்செல்வி வாசலுக்கு ஓடினாள். வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மினி பஸ் அப்போதுதான் கிளம்பியது.

"நிறுத்துங்க! தலையில இருக்கறதை யாரும் எறிஞ்சுடாதீங்க!"

ஜன்னலோரப் பெண்கள் சிரித்துக்கொண்டே கையாட்டினார்கள். பஸ் திரும்பி மறைந்த பிறகும் புழுதி அடங்கவில்லை. அந்தப் புழுதி முழுக்க மரிக்கொழுந்து மணத்தது.