நான்கு பில் போடச் சொன்ன அம்மாள்

மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டத் தொடங்கியிருந்த பருவம். சனிக்கிழமை மாலை ஆறு மணி. அந்தப் பல்பொருள் அங்காடியில் அப்போது திறந்திருந்த பில் கவுண்டர் ஒன்றே ஒன்றுதான்.

“மொத்தமா வேண்டாம்மா. நாலு பில்லாப் போடு” என்றார், வண்டி நிறையச் சாமான்களோடு நின்ற அம்மாள்.

கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒரு ஆளுக்கு ஒரு பில்தாம்மா. பில்லுக்கு ஒரு பரிசுக் கூப்பன் குடுக்கறோமில்ல? அதனால பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“கூப்பனை நீயே வச்சுக்கோ. பில்லைப் பிரி.”

அடுத்து நின்றவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர். கையில் ஒரே ஒரு ரொட்டிப் பாக்கெட். பகல் முழுவதும் பிறர் போடும் பிரேக்குகளைப் பொறுத்துக்கொண்டவருக்கு, மாலைக்கென்று பொறுமை மிச்சம் இருக்கவில்லை.

“ஏம்மா, ஒவ்வொரு உருளைக்கிழங்குக்கும் தனித்தனியாப் போடச் சொல்லுங்களேன். அதுக்குள்ள நான் இந்த ரொட்டியை இங்கேயே தின்னு முடிச்சிடறேன்.”

“பசிச்சாத் தின்னுங்க. நான் குறுக்க நிக்கலையே.”

“குறுக்கதாம்மா நிக்கிறீங்க! நாலு பில்லு நாலு பில்லுன்னு வரிசையையே நிக்க வச்சிருக்கீங்க!”

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆசிரியரின் குரல் கடைசி அலமாரி வரை எட்டியிருக்கும். அம்மாள் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார். அங்கே அவருடைய கணவர் இரண்டு பல்புப் பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு, அச்சிட்டிருந்ததையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார்.

“மெதுவாப் பேசுங்க தம்பி, அவர் காதுல விழுந்துடப் போகுது” என்றார் அம்மாள் தாழ்ந்த குரலில். “பில் பெருசா இருந்தா மிஷின் பின் நம்பர் கேக்குது. சின்னதா இருந்தா கார்டை மேலே தட்டினாப் போதும், கேக்கறதில்ல. அவருக்கு இப்பல்லாம் அந்த நம்பர் ஞாபகத்துல நிக்கறதில்ல.”

“நீங்களே அடிச்சு விடலாமே?” என்றாள் கவுண்டர்ப் பெண்.

“எங்கிட்டச் சொன்னாத்தானே! பொண்டாட்டியா இருந்தாலும் நம்பரைச் சொல்லக் கூடாதுன்னு இருந்த மனுஷன். கையால மறைச்சு மறைச்சே அடிப்பார். கடைசியில தனக்கே மறைச்சுக்கிட்டார்.”

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாளும் சிரித்தார். ஆனால் பார்வை பல்பு அலமாரியை விட்டு அகலவில்லை.

“போன மாசம் ரெண்டு தடவை தப்பா அடிச்சுட்டார். இன்னொண்ணு தப்பாயிருந்தா கார்டே முடங்கியிருக்கும். பின்னாடி நின்னவங்க ஏதோ சொல்லிச் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் வெளியவே வரமாட்டேன்னுட்டார். கல்யாணம் ஆனதுலேர்ந்து கடையில பணம் கட்டறது அவர்தான். அதையும் நான் பிடுங்கிக்கிட்டா, மனுஷன் மறுபடி வாசப்படி இறங்க மாட்டார்.”

ஆசிரியர் தம் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கணவர் ஒரு பல்போடு வந்து சேர்ந்தார்.

“சார், மிஷின் இன்னைக்குப் பெரிய தொகையா எடுக்க மாட்டேங்குது” என்றாள் பெண், முகத்தைத் துளியும் மாற்றாமல். “நாலாப் பிரிச்சிருக்கேன். நாலு தடவை தட்டிடுங்க.”

கணவர் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து மிடுக்காக ஒரு தட்டுத் தட்டினார். மிஷின் கீச்சென்றது. இரண்டாவது தட்டு; மறுபடியும் கீச். மூன்றாவதற்குப் போன கை நின்றுவிட்டது. ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி அவர். கணக்கில் எதுவும் வித்தியாசமாக இருந்தால் கை தானாக நின்றுவிடும்.

“எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு வண்டி நிறைய வாங்கிட்டுப் போச்சே, அதுக்கு ஒரே பில்தானே? எனக்கு மட்டும் ஏன் நாலு?”

பெண் பில் சுருளைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். அம்மாள் தரையைப் பார்த்தார்.

“ஏம்மா, எனக்குன்னு ஏதாவது சொல்லி வச்சிருக்கியா?” என்று மனைவியிடம் கேட்டார் கணவர். அவர் குரலில் இருந்த மிடுக்கு இறங்கத் தொடங்கியிருந்தது.

“உங்களுக்கு மட்டும்னு யார் சார் சொன்னது?” என்று இரைந்தார் ஆசிரியர். “எனக்கும் நாலு பில்லாத்தான் போடுவேங்குது இந்தப் பொண்ணு! அந்தப் பொண்ணு போனப்புறம்தான் மிஷின் கெட்டுதாம். அதுக்குத்தானே இவ்வளவு நேரமாத் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருந்தேன். உங்களுக்குக் கேக்கலை?”

“கேட்டுது, கேட்டுது. அது நீங்கதானா?”

கணவரின் முகம் தெளிந்தது. மூன்றாவதையும் நான்காவதையும் தட்டி முடித்தார். பிறகு ஆசிரியரின் தோளில் கை வைத்தார்.

“மிஷின்கிட்டக் கோவிச்சுக்கிட்டு என்ன தம்பி ஆகப்போகுது? நிதானமாத் தட்டுங்க. பின் நம்பர் கேட்டா மட்டும் கையால மறைச்சுக்குங்க. யாரையும் நம்பக் கூடாது.”

“சரிங்க சார்.”

“நான் இருக்கேன். நாலும் ஒழுங்காப் போகுதான்னு பார்த்துட்டே போறேன்.”

பெண் ரொட்டியைப் பார்த்தாள். ஆசிரியரும் ரொட்டியைப் பார்த்தார். பிறகு கவுண்டரை ஒட்டியிருந்த சிறு சாமான் அலமாரியின் பக்கம், பார்க்காமலேயே, கையை நீட்டினார்.

அன்று மாலை ஆறரை மணிக்கு அந்தக் கவுண்டரில், ரொட்டிக்கு ஒரு தட்டு, பேட்டரிக்கு ஒரு தட்டு, சூயிங்கத்துக்கு ஒரு தட்டு, சீப்புக்கு ஒரு தட்டு என நான்கு பில்லுக்கும் தம் பணத்தையே கட்டிவிட்டுப் போனார் ஆசிரியர். அவர் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது.