ஆறாம் கூடைக்குச் சாட்சி

ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு, பின்லாந்தின் ஈஸால்மி நகரத்து ஏரிக்கரைப் பூங்காவின் தட்டெறி மைதானத்தில், ஆறாம் கூடைக்குள் ஒரே எறியில் தட்டு விழுந்தது. எறிந்தவர் இர்மெலி என்கிற பெண்மணி.

கூடையின் மேல் தொங்கும் சங்கிலிகள் கலகலத்து அடங்கின.

எறிமேடையில் அப்போது இருவர்தான் இருந்தார்கள். இர்மெலியும் அவுலிஸும். மூன்றாமவரான கெய்யோ, ஐந்தாம் கூடையில் தொலைத்த தட்டைத் தேடிப் புதருக்குள் போனவர், தட்டை மறந்து காட்டுப் பழங்களைப் பறித்துத் தின்றுகொண்டிருந்தார்.

சின்ன டிஸ்க் கால்ஃப் மைதானம் அது; பிளாஸ்டிக் தட்டைத் தூரத்திலிருந்து கம்பத்துக் கூடைக்குள் எறிகிற ஆட்டம். ஒன்பதே கூடைகள். எறியப் பழகுகிறவர்கள் வரும் இடம். பெரிய மைதானங்களில் ஆடுகிற இளவட்டங்கள் இதைத் தொட்டில் என்பார்கள். ஆனாலும் ஆறாம் கூடைக்கு முன்னால் ஒரு பைன் மரம் நிற்கிறது. நான்கு கோடைகளாக இர்மெலியின் தட்டு அந்த மரத்தில்தான் போய் மோதியது. மரத்துக்கு அவர் வாராவாரம் படியளக்கிறார் என்பது கெய்யோவின் கேலி.

மைதானத்தின் வாசலில் ஒரு பலகை உண்டு. ஒரே எறியில் கூடைக்குள் போட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இர்மெலியின் பெயர் மட்டும்தான் இல்லை. அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுதான் காலணியின் கயிற்றைக் கட்டுவார். கயிற்றுக்குத் தேவையானதைவிட அதிக நேரம் கட்டுவார்.

பலகையில் பெயர் ஏற, கண்ணால் கண்டவர் தட்டின் மேல் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி இல்லாத எறி எறியே இல்லை. கெய்யோவே ஒருமுறை நாயோடு தனியாக வந்தபோது இரண்டாம் கூடையில் போட்டார். கணக்கில் வரவில்லை. நாய்க்கு எழுதத் தெரிந்திருந்தால் போட்டிருக்கும் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சங்கிலிச் சத்தம் கேட்டு அவர் ஊதா உதடுகளோடு ஓடிவந்தார். கூடைக்குள் கிடந்த மஞ்சள் தட்டை இர்மெலி எடுத்து வந்தார். கெய்யோ அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து அவுலிஸிடம் நீட்டினார்.

அவுலிஸ் பேனாவை வாங்கினார். மூடியைத் திறக்கவில்லை.

தட்டு விழுந்ததை அவர் பார்க்கவில்லை. கேட்டார், அவ்வளவுதான். கண் வேறெங்கோ இருந்தது.

பெயரைக் கிறுக்கிவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. இர்மெலிக்குப் பலகையில் இடம் கிடைத்துவிடும். ஆனால் முப்பது ஆண்டுகள் நூலகப் பேருந்து ஓட்டியவர் அவர். பிந்தி வந்த புத்தகத்தின் தேதியைத் தன் தங்கைக்காகக்கூட மாற்றாதவர்.

"ஏரியில வெயில் பட்டு கண்ணு கூசுச்சு," என்றார். "பார்த்திருக்கலாம். பார்க்காமலும் இருந்திருக்கலாம்."

விடிந்ததிலிருந்து வெயிலே இல்லை என்பதைக் கெய்யோ நினைவூட்டினார்.

ஈஸால்மி இருப்பது சாவோ வட்டாரம்; சாவோக்காரன் வாய் திறந்தால் அதைப் புரிந்துகொள்ளும் பொறுப்பு கேட்பவன் தலையில் என்பார்கள். அவுலிஸ் அசல் சாவோக்காரர். தெர்மாஸில் காபி எப்படியோ ஒரு கோப்பை கூடிப்போனதால்தான் வாராவாரம் இர்மெலிக்கு ஊற்றுவார். பனிக்காலத்தில் மண்வெட்டியோடு இர்மெலியின் தெரு வழியாகப் போக நேர்ந்ததால்தான் அவர் வீட்டு வாசலைத் துப்புரவாக்குவார். இர்மெலி மேற்குச் சமவெளியிலிருந்து வந்தவர். அங்கே பேச்சு விறகு பிளப்பதைப் போல. ஒரே போடு, இரண்டு துண்டு.

"சுத்தி வளைக்காதீங்க அவுலிஸ். தட்டு விழுந்தத பார்த்தீங்களா?"

இத்தனை நேராக அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. தட்டை இரண்டு கையாலும் மார்போடு பிடித்தபடி இர்மெலி நின்றிருந்தார்.

"இல்ல," என்றார் அவுலிஸ். "பார்க்கல."

தட்டு மெல்லக் கீழே இறங்கியது.

கெய்யோவுக்குத்தான் பொறுக்கவில்லை. நான்கு வருஷம் மரத்துக்குப் படியளந்த பெண்மணிக்கு ஒரு நாள் வாய்த்தது, அந்த ஒரு நாளில் இந்த மனுஷனுக்குக் கண் அவிந்துவிட்டதா என்று பொரிந்தார். "கூடை மூக்குக்கு நேரா நிக்குது. அதப் பார்க்காம வேற எங்கய்யா பார்த்துட்டிருந்த?"

அவுலிஸ் ஏரியைப் பார்த்தார். கரையோரம் வாத்துகள் இருந்தன என்று ஆரம்பித்தார். வாத்துகளா, அல்லது வாத்து மாதிரி வேறு ஏதாவதா என்று திட்டமாகச் சொல்ல முடியாது என்றார்.

"வாத்து இல்ல," என்றார் இர்மெலி. "என்னப் பார்த்துட்டிருந்தார்."

கெய்யோ அவரைப் பார்த்தார். அவுலிஸைப் பார்த்தார். அவுலிஸ் பேனா மூடியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இர்மெலி, கூடையப் பார்த்து எறிஞ்சது நீங்க," என்றார் கெய்யோ. "இவன் எங்க பார்த்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"



இர்மெலியின் காது மடல்கள் சிவந்திருந்தன. அவுலிஸின் விரல்களிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைத் திறக்காமலே கெய்யோவிடம் திருப்பிக் கொடுத்தார்.

அன்று பலகையில் எந்தப் பெயரும் ஏறவில்லை. மற்ற இருவரும் ஆறாம் கூடையருகிலேயே நின்றுவிட, ஏழாம் கூடையைக் கெய்யோ தனியாக ஆடி முடித்தார்.