இடது மதகு

விடிந்தும் வெளிச்சம் வராத மழை. சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தங்கை கால்வாய்க் கரையில் வருகிறாள். தண்ணீர் கரை விளிம்பில் தளும்புகிறது. இப்படி ஏறினால், கரை உடையாமலிருக்க, இரண்டு மதகையும் சரிபாதி திறந்து வெள்ளத்தைப் பங்கிட வேண்டும் என்பது இங்கே பேசிவைத்த ஏற்பாடு. இடது மதகு அவள் வயலுக்கு, வலது மதகு மதகுக்காரனான அவள் அண்ணனின் வயலுக்கு. போன வறட்சியில் தன் முறைத் தண்ணீரை அவனுக்கு விட்டுக்கொடுத்தவள் அவள். கூடப் பிறந்தவன் வயல் காய்வதைப் பார்க்க மனசு வரவில்லை. மதகு எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு திருகுத்தண்டு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். வலது தண்டு அசையவே இல்லை. இடது தண்டு ஆள் உயரத்துக்கு எழுந்து, கிரீஸ் மினுங்க மழையில் நிற்கிறது. கீழே அவள் வயலில் பால் பிடித்த கதிர்களின் மேல் செந்தண்ணீர் ஏறுகிறது. நுனிகள் கொஞ்ச நேரம் ஆடுகின்றன, பிறகு அவையும் இல்லை. அண்ணன் அவளுக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு கையை மதகைத் திருகும் சக்கரத்தில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் போனை எடுக்கிறான். அவள் இடுப்பில், பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிச் செருகியிருந்த போன் அதிர்கிறது.

"என்னம்மா, எழுந்துட்டியா? மழை கொட்டுது, வயல் பக்கம் வந்துடாத. ரெண்டையும் சமமாத்தான் திறந்திருக்கேன். நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்."

காதுக்குள் ஒரு முறையும் பத்தடி தள்ளி ஒரு முறையுமாக அதே குரல் கேட்கிறது.

"சரிண்ணா," என்கிறாள், சத்தமாக.

சக்கரத்தின் மேலிருந்த கை இறுகுகிறது. அவன் திரும்பவில்லை.