ராமபத்ரனின் இடது கை

எலும்பு பொறுக்குவதைப் பாதத்தில் தொடங்கித் தலையில் முடிக்க வேண்டும் என்றார் சாஸ்திரிகள்.

பால் தெளித்து ஆறிய அப்பாவின் சாம்பலில் முத்துசுவாமிக்கு எது பாதம், எது கை என்று பிடிபடவில்லை. கோயம்புத்தூரில் பாங்கு வேலை பார்க்கிறவர், பாவம். மயான வேலிக்கு வெளியே நின்ற தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"பர்வதம், இங்க வா. நோக்குத்தானே இதெல்லாம் தெரியும்."

பெண்கள் உள்ளே வருகிற வழக்கமில்லை. சாஸ்திரிகள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டார். பர்வதம் மெடிக்கல் காலேஜில் உடற்கூறு சொல்லித்தரும் முதல் பெண் புரொபசர், எழுபத்திரண்டாம் வருஷத்திலிருந்து துறைத் தலைவி. பிணம் தொடுகிறவளை எவன் கட்டுவான் என்று கேட்ட கல்பாத்தி அக்ரஹாரத்துக்கு இதெல்லாம் தெரியும். கேட்டபடியே ஒருவனும் கட்டவில்லை.

குதிகால், முழங்கால் சில்லு, இடுப்பு. அவள் விரலால் காட்ட, அண்ணா எடுத்துப் பானையில் போட்டார்.

வகுப்பில் ஒருநாளும் பிசகாதவள் விலாவைத் தாண்டித் தோளுக்குப் போய்த் திரும்பி வந்தாள். துக்கம் என்று நினைத்தார்கள்.

இந்தப் பெயர்களை அவளை ஒப்பிக்க வைத்தவரே அப்பா ராமபத்ரன்தான். அவள் படிக்கிற காலத்தில் ஒரு பெட்டி எலும்பை ஆர்மோனியம் என்று சொல்லி வீட்டுக்குள் கொண்டுவந்தார். பாட்டே கேட்கவில்லையே என்று பக்கத்து வீட்டார் விசாரித்தால், பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்பார்.

இடது முன்கை அகப்பட்டது. அப்பா சின்ன வயதில் தேர் இழுக்கப்போய் முறிந்து, கோணலாகக் கூடிய எலும்பு. வெந்தும் கோணல் போகவில்லை.

அதை மட்டும் அவளே எடுத்தாள். சட்டென்று கொடுக்க மனம் வரவில்லை.

ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில், மேசைமேல் கிடக்கும் கேட்க ஆளில்லாத உடலைக் காட்டிச் சொல்வாள்: கும்பிட்டுவிட்டுத் தொடுங்கள், இவரும் யாரோ ஒருத்தியின் அப்பா. பிள்ளைகள் கும்பிடுவார்கள். பிறகு கத்தியை எடுப்பார்கள்.

பானையின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டே அண்ணா கேட்டார், "அப்பா கடைசியா உன்கிட்டத்தானே பேசினார். ஏதாவது ஆசை சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலை."

சொல்லியிருந்தார். கோணல் கையை அவள் மடியில் வைத்துக்கொண்டு, தெளிவாகவே சொன்னார். எரிக்க விட்டுவிடாதே, உன் வகுப்பு மேசைக்கே என்னைக் கொண்டுபோய்விடு, இந்தக் கையைப் பிள்ளைகளுக்குக் காட்டு என்றார்.

ஆகட்டும் அப்பா என்று அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அண்ணா ஊர் வந்து இறங்குவதற்குள் விறகுக்கு ஆள் அனுப்பியதும் அவள்தான்.