ஏழு மணிப் புதிர்

காலை ஆறே முக்காலுக்கு அவனுடைய இணையதளம் மறுபடி படுத்துவிட்டது.

அவனுக்கு வருத்தம் இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. புதிர் ஏழு மணிக்குத்தான் வெளியாகும். அதற்கு முன்பே இப்படி முண்டியடிக்கிறார்களா?

ஒரு குறுக்கெழுத்துப் புதிருக்கு!

மருந்துக்கடை ஷட்டரைப் பாதி தூக்கி விட்டுவிட்டு, கவுண்டரில் நின்றபடியே, தளத்துக்குச் சர்வர் கொடுக்கும் ஹோஸ்டிங் கம்பெனியைக் கூப்பிட்டான். செபாஸ்டின் என்று ஒருவர் எடுத்தார். வி.பி.எஸ். வாங்கிவிடலாமா என்று கேட்டான்.

இப்போது இருப்பது தெருக்குழாய் மாதிரி. நூறு தளங்களுக்கு ஒரே சர்வர். வி.பி.எஸ். என்றால் வீட்டுக்குள்ளேயே தனிக்குழாய். அதற்குச் செலவு அதிகம்தான். ஆனால் குழல்வாய்மொழி அம்மா காலையில் எழுந்து வந்து, புதிர் திறக்காமல் ஏமாந்து போவதை அவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவரை நேரில் பார்த்ததில்லை. கோவில்பட்டிக்காரர் என்று மட்டும் தெரியும்.

இரண்டு வருடமாக விடை அனுப்புவதில் அவர்தான் முதல். நான்கே நிமிடம். அடுத்த ஆள் அரைமணி நேரம் கழித்து மூச்சுவாங்க வந்து சேருவார்.

அனுப்பிவிட்டுச் சும்மா போகமாட்டார். கீழே ஒரு வரி எழுதுவார். 'இன்றைக்குப் பத்தாவது குறிப்பு உயிரை எடுத்துவிட்டது ஐயா.'

அந்த ஒரு வரிக்காக நாள் முழுக்கச் சொல் தேடினான். மாத்திரைப் பெட்டிகளைப் பிரித்து உள்பக்கத்தில் கட்டம் போட்டான். அவருக்குச் சவாலாக இருக்கட்டும் என்று குறிப்புகளை முறுக்கினான். கஷ்டமாக இருக்கிறது என்று மற்றவர்கள் எழுதிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

போகட்டும், நமக்கு ஒரு ஆள் போதும் என்று இருந்துவிட்டான்.

செபாஸ்டின் நேற்றைய வருகைப் பதிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சார், மொத்தமே பத்தொம்பது பேருதான் வர்றாங்க. அதுல ஒரே ஒருத்தர், ஆறரையிலேர்ந்து ஏதோ புரோகிராம் வச்சு ஒரே பக்கத்தத் தட்டிக்கிட்டே இருக்காரு. நொடிக்கு இருபது தடவ. அந்த ஆள பிளாக் பண்ணிட்டாப் போதும். வி.பி.எஸ். எல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

பதிவை மின்னஞ்சலில் அனுப்பினார்.

தட்டப்பட்டது விடைப் பக்கம்.

மறுநாள் வெளியிட வேண்டிய பக்கம்தான். வேலை முடியட்டும் என்று புதிருக்குப் பத்து நிமிடம் முன்பே அதையும் ஏற்றிவிடுவான். அதன் முகவரி வெறும் தேதிதான். யார் வேண்டுமானாலும் ஊகிக்கலாம். ஊகிப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு அந்தப் பக்கம் திறக்கப்பட்டிருந்தது.

ஏழு மணிக்கு அதே இணைப்பிலிருந்து ஒருவர் பெயர் கொடுத்து உள்ளே வந்திருந்தார்.

குழல்வாய்மொழி.

ஏழு நான்குக்கு விடை அனுப்பியிருந்தார்.

விடையைக் கையில் வைத்துக்கொண்டு, புதிர் வந்த பிறகும் நான்கு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

முந்தின நாளைப் பார்த்தான். அதற்கு முந்தின நாளை. மூன்று மாதப் பதிவு இருந்தது. மூன்று மாதமும் அப்படியே.

பரிசு கிடையாது. பட்டியலில் முதலாவதாகப் பெயர் வரும், அவ்வளவுதான். அதற்குப் போய்!

அழுகை வந்தது. தலைவலி மாத்திரை கேட்டு வந்தவரிடம் என்ன வேண்டும் என்று மூன்று தடவை கேட்டான்.

மறுநாள் காலை, விடைப் பக்கத்தில் மட்டும் முதல் வரிசையை மாற்றினான். நான்கு கட்டம், நடுவில் ஒரு கறுப்பு, மறுபடி நான்கு கட்டம்.

ஏ ன ம் மா.

இ ப் ப டி.

பக்கத்தை ஏற்றிவிட்டுக் காத்திருந்தான். பார்த்ததும் வெட்கப்படுவார். மன்னிப்புக் கேட்பார். இல்லையென்றால் சத்தம் போடாமல் விலகிவிடுவார். இரண்டில் எதுவானாலும் தாங்கிக்கொள்வது என்று மனதைத் தயார்செய்து வைத்திருந்தான்.

ஏழு நான்கு.

கட்டம் வந்தது. முதல் வரிசையில் அவன் கேட்டது எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது.

கீழே ஒரு வரி.

'முதல் வரிசையே பிரமாதம் ஐயா. ரொம்ப யோசிக்க வைத்துவிட்டீர்கள்.'

அவர் படிக்கவில்லை.

இதை மட்டுமா? இந்த இரண்டு வருடத்தில் அவன் போட்ட ஒரு கட்டத்தைக்கூட அவர் படித்திருக்கமாட்டார்.

செபாஸ்டினிடமிருந்து செய்தி வந்தது. "சார், அந்த ஆள பிளாக் பண்ணிடவா?"

மற்றப் பதினெட்டுப் பேரில் ஒருவரும் இன்னும் வந்திருக்கவில்லை. அவன் பதில் எழுதினான். அழித்தான். மறுபடி எழுதி, திரும்பிப் பார்க்காமல் அனுப்பினான்.

"வேணாம். வி.பி.எஸ். போட்டுடுங்க. இங்க கூட்டம் ஜாஸ்தி."