நாற்காலிக்கு சாக்ஸ்

"அத்தை! அடுப்பை அணைச்சுட்டு ஓடி வாங்க. எட்டு நாற்காலிக்கு ஆர்டர், ஒரே ஆள்கிட்டேருந்து!"

மாமியார் கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். "எட்டா? யாரு, உன் சித்தி பொண்ணா?"

"சொந்தக்காரங்க இல்ல அத்தை. நெசமான கஸ்டமர்!"

மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. உல்லன் நூலில் நாற்காலிக் கால்களுக்கு சாக்ஸ் பின்னி இணையத்தில் விற்கிறாள். மாட்டிவிட்டால் இழுக்கும்போது சத்தம் வராது, தரையும் கீறாது. கோடு போட்டது, புள்ளி வைத்தது, பூனை முகம் வைத்தது என்று விதவிதமாகப் படம் போட்டும், இதுவரை வாங்கியதெல்லாம் உறவுக்காரர்கள்தான். அதுவும் முகத்தாட்சண்யத்துக்கு. இந்த மாதமும் விற்பனை ஏறாவிட்டால், பழையபடி ஜவுளிக்கடை பில் கவுண்ட்டரில் நாள் முழுக்க நின்றாக வேண்டும். கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்; அடுத்த தடவை பதில் சொல்லியே தீர வேண்டும்.

"பேரு என்ன போட்டிருக்கு?" கணவன் போனை எட்டிப் பார்த்தான்.

"'நிம்மதி'ன்னு இருக்குங்க."

"ஏதாவது முதியோர் இல்லமா இருக்கும்."

"போடா, லாட்ஜா இருக்கும்," என்றார் மாமியார். "அளவு என்னவாம்?"

"அதான் வேடிக்கை அத்தை. 'உங்க வீட்டு நாற்காலி அளவுக்கே பின்னுங்க. நிறம் எதுவானாலும் சரி. நல்லாத் தடிமனா இருக்கட்டும். வியாழக்கிழமை நானே வந்து வாங்கிக்கறேன்'னு எழுதியிருக்காங்க."

"நிறம் எதுவானாலும் சரியாமா! உன் மாமனார் ஒரு சட்டை எடுக்க ஊரையே சுத்துவார். இது தங்கமான ஆளு, விட்டுடாதே!"

அன்றிலிருந்து வீடு பட்டறை ஆகிவிட்டது. காலையில் கிழக்கு ஜன்னல், மத்தியானம் பால்கனி ஓரம், சாயங்காலம் டியூப்லைட்டுக்குக் கீழே என்று வெளிச்சம் போன பக்கமெல்லாம் நாற்காலிகளும் போயின. மருமகள் பின்னினாள். மாமியார் நூல் சுற்றினார். கணவன் லீவு போட்டுவிட்டுப் பெட்டி கட்டினான். பின்னி முடித்ததைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் மாட்டி அளவு பார்ப்பார்கள். உடனே கழற்றிப் பெட்டியில் வைப்பார்கள்.

"அப்படியே நமக்கும் ஒரு செட் விட்டு வைக்கலாமே," என்றான் கணவன்.

"விக்கற சரக்கை வீட்டுல மாட்டினா வியாபாரம் விளங்கிடும்!" மாமியார் தன் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பேசாம பெட்டியைக் கட்டுடா."

புதன்கிழமை மருமகள் நூல் வாங்க இறங்கியபோது, கீழ்வீட்டுக்காரர் படியில் எதிர்ப்பட்டார். ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி பார்ப்பவர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வேலை ஜோரா நடக்குது போலிருக்கேம்மா?"

"ஆமாண்ணே! எல்லாம் உங்க ஆசீர்வாதம்!"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வந்தது கொட்டாவிதான்.

வியாழக்கிழமை அழைப்பு மணி அடித்ததும் மூன்று பேரும் வாசலுக்குப் பாய்ந்தார்கள். கீழ்வீட்டுக்காரர்தான் நின்றிருந்தார். மருமகளின் முகம் சுருங்கியது.

"வாங்கண்ணே... ஒரு பெரிய கஸ்டமர் வர்ற நேரம். அவர் போனதும் உக்காந்து பேசலாமா?"

"அந்த நிம்மதி நான்தாம்மா."

மாமியாருக்கு வாயெல்லாம் பல். "நம்ம தம்பியா! பக்கத்துலயே இப்படி ஒரு ரசிகரை வெச்சுக்கிட்டு..."

அவர் பணத்தைக் கொடுத்துப் பெட்டியை வாங்கினார். ஆனால் கிளம்பவில்லை. கூடத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த நாற்காலியைச் சாய்த்து, ஒவ்வொரு காலாக மாட்டத் தொடங்கினார்.

"அண்ணே, அது எங்க நாற்காலி!"

"தெரியும்மா. எனக்குப் பகல்தான் ராத்திரி. நேர்ல சொன்னா மனசு நோகுமேன்னு பார்த்தேன்."

மாமியார் கூடத்திலும் சமையலறையிலும் இருந்த நாற்காலிகளை விரல் விட்டு எண்ணினார். சரியாக எட்டு. "நீங்க மேல வந்ததே இல்லையே தம்பி, எப்படி எட்டுன்னு தெரிஞ்சுது?"

"படுத்துக்கிட்டே எண்ணினேம்மா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ராகம் இருக்கு."

மருமகளின் கண் முன்னே பில் கவுண்ட்டர் வந்து நின்றது. "அப்போ பிடிச்சு வாங்கலையா அண்ணே?"

"என்னைவிட யாருக்கும்மா இது பிடிக்கும்?" என்றவர், கடைசி நாற்காலியையும் முடித்துவிட்டு அதைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

சத்தமே இல்லை. வீடு அப்படியொரு அமைதியில் கிடந்தது.

அப்போதுதான் தலைக்கு மேலே கேட்டது: கர்ர்ர்ர்ர்.

நான்கு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இத்தனை நாளா இது நம்ம காதுல விழவே இல்லையேடா!" என்றார் மாமியார்.

மருமகள் போனைப் பாய்ந்து எடுத்தாள். இணையக் கடைப் பக்கத்தின் உச்சியில் 'உங்கள் வீட்டு நாற்காலிக்கு' என்றிருந்ததை அழித்துவிட்டு, 'உங்கள் மேல்வீட்டு நாற்காலிக்கு' என்று எழுதினாள்.

சாயங்காலம் ஜவுளிக்கடைக்காரர் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார். வேலைக்கு வரச்சொல்லி அல்ல. அவர் மேல்வீட்டில் பன்னிரண்டு நாற்காலியாம், அவசரமாம்.